ஜெயமதி எடுக்காத நோன்பு

மன அமைதி வேண்டும் என்று விமானம் ஏறி வருகிறவர்களுக்குத் திருவண்ணாமலையில் ஒரு குறையும் இல்லை. செங்கம் ரோட்டில் ரமணாசிரமத்தைத் தாண்டி நடந்தால் வாசலுக்கு வாசல் பலகை. தியானம், மூச்சுப் பயிற்சி, முற்பிறவி பார்த்தல், தொட்டுக் குணமாக்குதல், எல்லாம் உண்டு. பக்கத்திலேயே நல்ல காபியும் உண்டு. உள்ளூர்க்காரர்களுக்கும் மனசு என்று ஒன்று இருக்கும் என்பதுதான் யாருக்கும் தோன்றுவதில்லை. நமக்கு உடம்புக்கு வந்தால் வேலூர் ஆஸ்பத்திரி. மனசுக்கு வந்தால் கோயிலைச் சுற்றிவிட்டு வந்து பேசாமல் படுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஜெயமதிக்கு ஏதோ வந்திருக்கிறது என்பதே வெகுநாள் ஒருவருக்கும் தெரியவில்லை. அவள் நோன்பிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் தனியார் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் டீச்சர். கணவர் ஸ்ரீபாலுக்கு கலெக்டர் ஆபீஸில் வேலை. ஆபீஸுக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று வேங்கிக்காலிலேயே வீடு கட்டிக்கொண்டார்கள். ஒரே மகள் வர்ஷா வேலூரில் ஹாஸ்டலில் தங்கி பிசியோதெரபி படிக்கிறாள். சமணக் குடும்பம். ஜைனர் என்றால் வடக்கேயிருந்து வந்து வட்டிக்கடை வைத்த சேட்டு என்று நினைப்பவர்கள் திருவண்ணாமலையிலேயே இருக்கிறார்கள். ஜெயமதியின் ஆட்கள் யாரும் எங்கிருந்தும் வரவில்லை. கீழ்பென்னாத்தூருக்கு அந்தப் பக்கம் நெல்லும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் பயிர்வைத்து, தமிழைத் தவிர வேறொன்றும் பேசத் தெரியாமல், தலைமுறை தலைமுறையாக இங்கேயே கிடக்கிறவர்கள். ஊர் நடுவில் அவர்களுக்கென்று சின்னதாக ஒரு கோயில் இருக்கிறது.

அந்த வீடுகளில் பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துவிடுவார்கள். விளக்கு வைத்த பிறகு அடுப்பில் வேலை இல்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஹாஸ்டலில் ராத்திரி எட்டு மணிக்குப் பரோட்டா தின்கிறார்கள் என்பது எல்லா அம்மாக்களுக்கும் தெரியும், தெரியாத மாதிரி இருப்பார்கள். ஆனால் ஜெயமதியின் அம்மா கண்டிப்பான ரகம். பொழுது போனால் அவர் தண்ணீர்கூடத் தொடமாட்டார். பிரசவ வலி கண்ட ராத்திரியிலும் வாயை நனைக்கவில்லை என்பது அவருடைய நீங்காத பெருமை.

அந்த அம்மாவுக்கு இருதயம் தளர்ந்து, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டபோது, மகள் வீட்டுக்குத்தான் வந்தார். வந்ததும் ஜெயமதியின் கையைப் பிடித்து ஒரு சத்தியம் வாங்கிக்கொண்டார். "கடைசில புத்தி தடுமாறிப் போயி நானே கேட்டாலும், பொழுது போனா எதுவும் குடுக்காத. என் விரதத்த நீதான் காப்பாத்தணும்." ஜெயமதி கையில் அடித்துக் கொடுத்தாள். அடுத்த மாதமே ஒரு விடியற்காலையில் அம்மா போய்விட்டார். கடைசி வரைக்கும் விரதம் கெடவில்லை என்று கேள்விப்பட்டு உறவுக்காரர்கள் நெகிழ்ந்து போனார்கள். அம்மாவின் தங்கை, ஜெயமதியின் சின்னம்மா, பாடை தூக்கும் முன்னால் எல்லார் காதிலும் விழச் சொன்னார்: "பெத்தா இவள மாதிரி பொண்ணப் பெக்கணும். எங்கக்காவ கரை சேத்துட்டா."

ஜெயமதி அழவில்லை. பக்குவப்பட்டவள் என்று அதையும் மெச்சினார்கள்.

காரியம் முடிந்து பள்ளிக்குப் போனாள். பாடம் நடத்தினாள். பிள்ளைகள் போடும் கூச்சல் அடுத்த வீட்டு டிவி மாதிரி கேட்டது. பால் பொங்கிக் கையில் வழிந்தபோது, கையை எடுக்க வேண்டும் என்று யோசித்து எடுத்தாள். வர்ஷா போன் பண்ணி, அனாட்டமியில் காலேஜிலேயே முதல் மார்க் என்று கத்தியபோது, இந்த இடத்தில் சந்தோஷப்பட வேண்டும் என்று ஞாபகம் வந்து, "ரொம்ப சந்தோஷம்மா" என்றாள். பௌர்ணமிக்குக் கிரிவலக் கூட்டத்தில் பஸ் மாட்டிக்கொண்டு இம்மி நகராமல் நிற்க, எல்லாரும் கண்டக்டரைப் பிடித்துத் திட்டிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு இறங்கி நடக்கவும் தோன்றவில்லை, திட்டவும் தோன்றவில்லை. துக்கமாக இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பாள். அது உண்மையும்கூட. துக்கமும் வரவில்லை, வேறெதுவும் வரவில்லை.

சோறும் இறங்கவில்லை. வாயில் போட்டு மெல்ல முடிந்தது, விழுங்க வேண்டும் என்று தோன்றவில்லை. காலையில் ஒரு டம்ளர் கஞ்சியோடு சரி. மதியம் டிபன் டப்பாவை அப்படியே ஸ்கூல் ஆயாவிடம் கொடுத்துவிடுவாள். சாயங்காலம் அடுப்பை மூடும்போது, "எனக்கு வேணாங்க" என்று ஒரு வார்த்தை.

ஊர்க்கோயிலுக்குப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியப் பந்தியில் உட்காராமல் தூணோரம் நின்றவளைப் பார்த்துச் சின்னம்மாதான் கேட்டார். "ஏகாசனமா?" ஒரு நாளைக்கு ஒரே வேளை உண்கிற நோன்புக்கு அந்தப் பெயர். ஜெயமதி தலையை ஆட்டினாள். இல்லை என்றால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று தேடிச் சொல்லத் தெம்பில்லை. அவ்வளவுதான் விஷயம்.

அந்தத் தலையாட்டலே போதுமானதாக இருந்தது. அம்மாவுக்காக மகள் கடும் நோன்பு எடுத்திருக்கிறாள் என்று ஊரெல்லாம் பேச்சாயிற்று. அவள் கன்னம் ஒட்ட ஒட்டப் பேச்சு வளர்ந்தது. வேறு எந்த வீட்டிலாவது ஒரு பொம்பளை இப்படித் துரும்பாகப் போயிருந்தால் நாலு பேர் அதட்டி டாக்டரிடம் இழுத்துப் போயிருப்பார்கள். இங்கே காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். கேட்கிறவர்களுக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் அவர்கள்மேல் கோபப்பட்டு என்ன பண்ணுவது, சாப்பிடாமல் இருப்பது ஒரு பெரிய காரியம் என்று பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள். நோய்க்கும் நோன்புக்கும் வெளியே பார்க்க ஒரே முகம்தானே. ஸ்ரீபாலுக்கு உள்ளுக்குள் பயம் இருந்தது. மனைவிக்கு என்னவோ ஆகிவிட்டது என்று ஒப்புக்கொள்வதைவிட, மனைவி பெரிய மனுஷி ஆகிவிட்டாள் என்று நம்புவது அவருக்குச் சுலபமாக இருந்தது. நல்ல மனிதர்தான், தைரியம் கொஞ்சம் கம்மி.

வர்ஷாதான் கண்டுபிடித்தாள். லீவுக்கு வந்து அம்மாவைக் கட்டிப்பிடித்தவளுக்குக் கையில் எலும்புதான் தட்டுப்பட்டது. படித்த படிப்புக்கு ஒவ்வொரு எலும்பின் பெயரும் தெரியும்.

"இன்னா நோன்புமா இது?"

"ஏகாசனம்."

"எப்ப சங்கல்பம் எடுத்த? எந்தக் கோயில்ல?"

ஜெயமதி மகளின் பையிலிருந்து அழுக்குத் துணியை எடுக்க ஆரம்பித்தாள்.

"சரி, என்னிக்கு முடிக்கிற? என்னிக்குப் பாரணை?"

ஜெயமதி துணியோடு கொல்லைப்பக்கம் போய்விட்டாள். ஹாஸ்டலில் பரோட்டா தின்கிற பெண்தான், ஆனாலும் சமணப் பெண். நோன்பு என்றால் இன்ன நாளிலிருந்து இன்ன நாள் வரை என்று சாமி முன்னால் சங்கல்பம் சொல்லித்தான் எடுக்க வேண்டும், முடிக்கிற நாளில் பாரணை என்று உணவு எடுத்துத்தான் முடிக்க வேண்டும். தொடக்கமும் முடிவும் இல்லாமல் ஒரு நோன்பு கிடையாது. வர்ஷா அப்பாவைப் பார்த்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

மறுநாளே டாக்டரிடம் போனார்கள். ரத்தம் மோசமாகக் குறைந்திருந்தது. மாத்திரை எழுதிக்கொடுத்த டாக்டர், இது மாத்திரையோடு முடிகிற விஷயமில்லை என்று ஹைமவதியிடம் அனுப்பினார். ஹைமவதி மனநல ஆலோசகர், ஹிப்னாடிசம் செய்யவும் முறையாகப் பயின்றவர். பெரிய கோயிலில் பூஜை செய்கிற குருக்கள் வீட்டுப் பெண். நெற்றியில் விபூதிக் கீற்றும் காலில் ஸ்போர்ட்ஸ் ஷூவுமாக இருப்பார். வேங்கிக்காலில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் அவருடைய அறை. கூடவே வந்த ஸ்ரீபால் முதல் கேள்வியாக, முற்பிறவியெல்லாம் பார்ப்பீர்களா, எங்களுக்கு அதில் நம்பிக்கை உண்டு என்று ஆவலாகக் கேட்டார். "அதுக்கு செங்கம் ரோட்டுல ஆளுங்க இருக்காங்க சார். நான் இந்தப் பிறவியோட நிறுத்திக்கறேன்" என்று அவரை வெளியே உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார்.

"ராத்திரி சாப்பிடாம இருக்கறது உங்க வழக்கம். அதுல நான் தலையிட மாட்டேன். பகல்ல ஏன் சாப்பிட முடியலன்னுதான் கேக்கறேன்."

மறந்துபோன ரகசியத்தைத் தூக்கத்தில் உளறுவது, தொங்குகிற கடிகாரம், சொடக்குப் போடுவது இதெல்லாம் சினிமாவோடு சரி. ஜெயமதி எதையும் மறந்திருக்கவில்லை. யாரும் கேட்காததால் சொல்லவில்லை, அவ்வளவுதான். விழித்த கண்ணோடு, பாடம் ஒப்பிக்கிற குரலில் சொன்னாள்.

"அம்மா கடைசி ராத்திரி தண்ணி கேட்டாங்க. ஒரு வாய் குடுன்னாங்க. புத்தி தடுமாறி இல்ல, என் பேர் சொல்லித்தான் கேட்டாங்க. விடியட்டும்மான்னேன். அப்புறமும் கேட்டாங்க. அப்புறம் கேக்கல."

 அந்தத் தண்ணீரால் உயிர் தங்கியிருக்காது என்று ஹைமவதி சொல்ல வாயெடுத்தாரோ என்னவோ, ஜெயமதியே முந்திக்கொண்டாள். "குடுத்திருந்தாலும் போயிருப்பாங்க. அது தெரியும் எனக்கு. தாகத்தோட போயிருக்க வேணாம்." பிறகு கேட்டாள், "ஹிப்னாடிசத்துல அந்த ராத்திரிய மட்டும் மறக்க வெச்சிட முடியுமா?"

"முடியாது. முடிஞ்சாலும் செய்ய மாட்டேன்."

வாராவாரம் போனாள். முதல் சில வாரங்கள் பேச்சுதான். அதன்பிறகு சாய்வு நாற்காலியில் உட்காரவைத்துக் கண்ணை மூடச் சொன்னார். "உங்களுக்கு முழு நினைவு இருக்கும். நான் சொல்றது பிடிக்கலன்னா கண்ணத் தொறந்து எந்திரிச்சிப் போயிடலாம். நான் வசியம்லாம் பண்ணல" என்று சொல்லிவிட்டு, பாதத்திலிருந்து மேலே ஒவ்வொரு இடமாகத் தளர்த்தச் சொல்லிக்கொண்டே போனார். ஜெயமதி இடுப்பு வரை வருவதற்குள் தூங்கிவிட்டாள். குறட்டைகூட விட்டாளாம். மாதக்கணக்கில் சரியாகத் தூங்காத பொம்பளை. ஹைமவதி சிரித்துக்கொண்டே, "இது ஹிப்னாடிசம் இல்லீங்க, சும்மா தூக்கம். அதுவும் தேவைதான்" என்று எழுப்பி அனுப்பினார். வெளியே காத்திருந்த ஸ்ரீபால், என்ன பண்ணினார்கள் என்று கேட்டதற்கு, தூங்கினேன் என்று சொன்னாள்.

தூங்காமல் போன ஒரு நாள் வந்தது. உடம்பு தளர்ந்து, தெருவில் கீரைக்காரியின் குரல் கேட்டுக்கொண்டிருக்கும்போதே மனசு மட்டும் அம்மாவின் அறையில் இருந்தது. கட்டில், மூலையில் சொம்பு, அம்மாவின் வறண்ட உதடு. "அம்மா பக்கத்துல உக்காருங்க" என்றார் ஹைமவதி. "அவசரம் இல்ல. இப்ப அவங்ககிட்ட என்ன சொல்லணும்னு இருக்கு?"

மன்னித்துவிடும்மா என்று வரும் என்றுதான் ஜெயமதியே நினைத்தாள். வந்தது வேறு.

"என்னிய ஏம்மா இதுல மாட்டி வுட்ட?"

அது அவள் குரல் மாதிரியே இல்லை. வயிற்றிலிருந்து கிளம்பி வந்தது. "உன் விரதத்த நீ காப்பாத்திக்க வேண்டியதுதானே. என் கையில ஏன் குடுத்த? நீ பேர் வாங்கிட்டுப் போயிட்ட. நான் இன்னா பண்ணுவேன்?" இன்னும் என்னென்னவோ சொன்னாள். வாசலில் உட்கார்ந்திருந்த ஸ்ரீபாலுக்குக் கேட்டது. கல்யாணமான நாளிலிருந்து இவள் இப்படிக் கத்தி அவர் கேட்டதில்லை. எழுந்தார், கதவுக்குப் பக்கம் போனார், தட்டாமல் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டார்.

கண் திறந்தபோது ஜெயமதிக்குத் தாடையெல்லாம் வலித்தது. இத்தனை நாளும் தான் பாவம் செய்துவிட்டோம் என்றே எண்ணிக்கொண்டிருந்தவளுக்கு, பெற்ற தாய்மேல் இவ்வளவு கோபம் அடியில் கிடந்தது தெரியவில்லை. செத்தவர்மேல், அதுவும் விரதத்தோடு செத்த புண்ணியவதிமேல் கோபப்படலாம் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தந்திருக்கவில்லை. தாகமாக இருந்தது. தண்ணீர் வாங்கிக் குடித்தாள்.

சினிமா என்றால் அன்றைக்கே அவள் வீட்டுக்கு வந்து ஒரு வெட்டு வெட்டியிருப்பாள். அப்படியெல்லாம் நடக்கவில்லை. மறுநாள் காலை மனசு பழையபடி மரக்கட்டையாகத்தான் இருந்தது. "அது ஒரே நாள்ல போகாது" என்று ஹைமவதி முன்பே சொல்லியிருந்தார். ஆனால் மதியம் டப்பாவை ஆயாவிடம் கொடுக்காமல் திறந்து, எலுமிச்சைச் சாதத்தில் நாலு வாய் சாப்பிட்டாள். உப்பு ஜாஸ்தி என்று தெரிந்தது. சாயங்காலம் ஸ்ரீபாலிடம் அதைச் சொன்னாள். சமைத்தது அவர்தான். திட்டு வாங்கியவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

ஆவணி வாக்கில் சமணர்களுக்குத் தசலட்சணப் பர்வம் வரும். பத்து நாளும் அவரவர் தெம்புக்கு ஏற்ப நோன்பிருப்பார்கள். முடிந்ததும் நோன்பிருந்தவர்களைக் கோயிலில் உட்காரவைத்து, சால்வை போட்டு, எல்லார் முன்னிலையிலும் பாரணை செய்துவைப்பார்கள். அந்த வருஷம் கோயில் தர்மகர்த்தா மகாவீர் நயினாரே போன் பண்ணினார். "இவ்வளவு நாள் நோன்பிருந்தவங்க நம்ம ஊர்ல வேற யாரும் இல்லம்மா. இந்த முறை உனக்குத்தான் முதல் மரியாத."

ஜெயமதி ஹைமவதியிடம் கேட்டாள். போங்கள் என்றும் சொல்லவில்லை, போகாதீர்கள் என்றும் சொல்லவில்லை அவர். "சால்வைய வாங்கிட்டீங்கன்னா, அப்புறம் உங்களுக்கு உடம்பு சரியில்லன்னு யார்கிட்ட சொல்வீங்க?" என்று மட்டும் கேட்டார். ஸ்ரீபாலோ, "ஒரு நாள் கூத்துதானே ஜெயா, வாங்கிக்கினு வந்துடலாம், எதுக்கு அவங்க மனசக் கஷ்டப்படுத்தணும்" என்றார். பஸ்ஸில் கீழ்பென்னாத்தூர் வரும் வரைக்கும் அவள் ஒரு முடிவும் எடுத்திருக்கவில்லை. முடிவெடுக்கிற இடத்தில் இன்னும் மரத்துப்போய்த்தான் இருந்தது.

கோயில் நிறைந்திருந்தது. முன்வரிசையில் பலகை போட்டு அவளை உட்காரவைத்தார்கள். மகாவீர் நயினார் சால்வையைப் பிரித்துக் கையில் வைத்துக்கொண்டு, தாயின் விரதம் காத்த மகள் என்று பேச ஆரம்பித்தார். நாற்காலியில் உட்கார்ந்திருந்த சின்னம்மா கையைத் தூக்கி அவரை நிறுத்தினார். அக்காவைப் போலவே அவருக்கும் இருதயம் தளர்ந்திருந்தது. நாலு வார்த்தைக்கு ஒரு முறை மூச்சு வாங்கியது. ஜெயமதியைக் கிட்டே கூப்பிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கக்காவ கரை சேத்த கையி இது. எனக்கும் நாள் வந்துடுச்சு, ஜெயா. என் பக்கத்துலயும் நீதான் இருக்கணும். நானே கேட்டாலும் குடுக்கக் கூடாது. இத்தினி பேர் முன்னாடி கையில அடிச்சிக் குடு."

அதே பேச்சு. அதே குடும்பத்துக் கை.  எத்தனையோ மாதத்துக்குப் பிறகு ஜெயமதிக்குப் பயமாக இருந்தது, நிஜமான பயம்.

"கேட்டீங்கன்னா குடுத்துடுவேன், சின்னம்மா."

சின்னம்மாவுக்குப் புரியவில்லை. "இன்னா சொல்ற?"

"அம்மா தண்ணி கேட்டுச்சு. என் பேர் சொல்லிக் கேட்டுச்சு. நான் குடுக்கல. இன்னொரு தடவ அப்பிடி இருக்க என்னால முடியாது." நிமிர்ந்து மகாவீர் நயினாரைப் பார்த்தாள். "நான் இருக்கறது நோன்பு இல்லீங்க. சங்கல்பம் எதுவும் எடுக்கல. எனக்கு உடம்பு சரியில்ல. மனசுக்கு வைத்தியம் பாத்துக்கினு இருக்கறேன்."

 பின்வரிசையில் யாரோ, சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று முணுமுணுத்தார்கள். சின்னம்மா பிடித்த கையை விட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். மகாவீர் நயினார் கையிலிருந்த சால்வையை என்ன செய்வது என்று தெரியாமல் மெதுவாக மடிக்கத் தொடங்கினார். ஸ்ரீபால்தான் எழுந்து வந்தார். தைரியம் கம்மி என்று நாம் சொன்ன அதே மனிதர். "ஆமாங்க, உடம்பு சரியில்ல. நான்தான் முன்னமே சொல்லியிருக்கணும்" என்று எல்லாரையும் பார்த்துச் சொல்லிவிட்டு, மனைவி பக்கத்தில் நின்றுகொண்டார்.

பந்தியில் இருவருக்கும் பக்கத்தில் இடம் காலியாகவே இருந்தது. ஜெயமதி சாப்பிட்டாள். கூட்டும் சோறும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கின. கை கழுவிவிட்டு வாசலுக்கு வந்தபோது, சின்னம்மாவைப் படியிறக்கி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவர் ஏறாமல் நின்றார். தாங்கிப் பிடித்திருந்த மருமகளை, செருப்பை எடுத்துவரச் சொல்லி அனுப்பினார். அவள் போனதும் ஜெயமதியைக் கிட்டே வரச் சொன்னார்.

"ரொம்ப கேட்டாளா எங்கக்கா?"

"ம்."

சின்னம்மா அவள் தோளைப் பற்றிக்கொண்டு மூச்சு வாங்கினார். பிறகு ஒருத்தருக்கும் கேட்காதபடி சொன்னார்.

"நீயே வந்து இரு ஜெயா. வேற யாரும் வேணாம்."

ஜெயமதிக்கு அழுகை வந்தது. அம்மா போனதிலிருந்து வராத அழுகை, நடுத்தெருவில், ஆட்டோக்காரர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வந்தது. அவள் துடைத்துக்கொள்ளவில்லை.